கரையேறிய படகும் கண்ணயராத மின்கலமும்

(மூன்றாம் ஆண்டு, இயற்பியல்)

ஆண்டுதோறும் சித்திரை பிறந்த மறுநாள், அதாவது ஏப்ரல் 15ஆம் தேதி, நமது கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் எல்லாம் தொழிலை நிறுத்திவிடுகின்றன. மீன் முட்டையிட்டுப் பெருகும் பருவம் என்று கருதி அரசு விதித்துள்ள மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14 வரை நீடிக்கிறது. மொத்தம் 61 நாள்கள். இந்நாள்களில் படகின் அடிப்பாகத்தைச் சுரண்டி வண்ணம் பூசுவார்கள். வலைகளைப் பழுது பார்ப்பார்கள். இயந்திரத்தைப் பிரித்து மாட்டுவார்கள். ஒன்றை மட்டும் எவரும் தொடுவதில்லை. இயந்திர அறையின் மூலையில் மரப்பெட்டிக்குள் இருக்கும் மின்கலமே அது. ஓடாத படகில் அதற்கு என்ன வேலை, அதுவும் நம்மோடு சேர்ந்து ஓய்வெடுக்கட்டும் என்று விட்டுவிடுகிறோம்.

அது ஓய்வெடுப்பதில்லை என்பதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

என் ஊர் பெரிய முதலியார்சாவடி. புதுச்சேரிக்கு வடக்கே, மரக்காணம் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ளது. எங்கள் கரையில் துறைமுகம் கிடையாது. நிற்பவை கண்ணாடியிழைப் படகுகளே. அவை நிற்பதற்கும் இடம் விடாமல் கடல் மணலை அரித்துக்கொண்டு வருகிறது. அது வேறு கதை. என் தாய்மாமன் வேறிருவருடன் கூட்டுச் சேர்ந்து கடலூர்த் துறைமுகத்தில் ஒரு விசைப்படகு வைத்திருக்கிறார். தடை முடியும் இரவு எங்கள் வீட்டில் யாரும் உறங்குவதில்லை. இரண்டு மாதம் வருமானமின்றி இருந்தவர்களுக்கு முதல் நாள் மீன்பாடுதான் கடனை அடைக்கத் தொடங்கும் நாள். பனிக்கட்டி ஏற்றியாயிற்று, டீசல் ஊற்றியாயிற்று, ஆள்கள் ஏறியாயிற்று. சாவியைத் திருகினால் இயந்திரம் ஒரு முனகல் முனகிவிட்டு அடங்கிவிட்டது. பக்கத்துப் படகுக்காரரிடம் கெஞ்சி மின்கலம் இரவல் வாங்கிப் புறப்படுவதற்குள் நான்கு மணி நேரம் போய்விட்டது. மற்றப் படகுகள் திரும்பி வந்து ஏலம் முடிந்த பிறகே மாமாவின் மீன் கரைக்கு வந்தது.

இது ஓராண்டு நடந்ததன்று. தொடர்ந்து மூன்று ஆண்டுகள் நடந்தது. ஒவ்வோர் ஆண்டும் ஒரு புது மின்கலம் வாங்கினார்கள். "நிவாரணம் கையில வருது, பாட்ரியா போவுது மாப்ளே" என்றார் மாமா. "அப்ப வந்த பாட்ரி தாங்கும். இப்ப வர்றதெல்லாம் தகரம்" என்பதும் அவர் முடிவு. நான் அப்போது இரண்டாம் ஆண்டில் மின்வேதியியல் பாடம் படித்துக்கொண்டிருந்தேன். மாமா சொன்ன ஒரு செய்தி என் மனத்தை விட்டு அகலவில்லை. படகில் இருப்பவை இரண்டு மின்கலங்கள். மூன்று ஆண்டும் செத்தது ஒரே பக்கத்து மின்கலம், இடப்பக்கத்தது. வலப்பக்கத்து மின்கலம் அப்படியே இருந்தது. தகரமாயிருந்தால் இரண்டுமன்றோ தகரமாயிருக்க வேண்டும்?

உள்ளே நடப்பது என்ன?

நாம் வண்டிகளிலும் படகுகளிலும் காண்பது காரீய-அமிலச் சேமிப்பு மின்கலம். இதனை 1859இல் பிரெஞ்சு நாட்டு இயற்பியலறிஞர் காஸ்டன் பிளாண்டே கண்டறிந்தார். இரண்டு காரீயத் தகடுகளுக்கிடையே துணி வைத்துச் சுருட்டி, நீர்த்த கந்தக அமிலத்தில் அமிழ்த்தி, மின்னோட்டத்தை மாறி மாறிச் செலுத்தி அவர் அதனை உருவாக்கினார். 1881இல் காமில் ஃபோர் என்பவர் காரீய ஆக்சைடைப் பசையாகத் தகட்டில் அப்பும் முறையைக் கொணர்ந்தார். மறு ஆண்டே கிளாட்ஸ்டன், டிரைப் என்னும் இருவர் இதன் வேதிவினையை விளக்கினர். அன்றிலிருந்து இன்றுவரை அடிப்படை மாறவில்லை.

மின்னேற்றம் பெற்ற நிலையில் நேர்த்தகட்டில் காரீய டைஆக்சைடும் எதிர்த்தகட்டில் பஞ்சு போன்ற காரீயமும் இருக்கின்றன. மின்னோட்டம் தரும்போது இரண்டும் கந்தக அமிலத்தோடு வினைபுரிந்து காரீய சல்பேட்டாக மாறுகின்றன, நீர் உண்டாகிறது. ஆகவே மின்கலம் இறங்க இறங்க அமிலம் தகட்டுக்குள் போய், எஞ்சிய திரவம் நீர்த்துப்போகிறது. இந்த ஒரு செய்தியை நினைவில் வைத்தால் போதும். மின்கலத்தின் வயிற்றில் எவ்வளவு இருக்கிறது என்பதைத் திரவத்தின் ஒப்படர்த்தியே சொல்லிவிடும். அதனை அளக்கும் நீர்மானி, அதாவது ஹைட்ரோமீட்டர், மின்கலக் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது.

இங்கே ஒரு குறிப்பு. மேலைநாட்டு நூல்களில் நிறைவான மின்கலத்தின் ஒப்படர்த்தி 1.280 வாக்கில் இருக்கும் என்று போட்டிருப்பார்கள். நம்மைப் போன்ற வெப்ப நாடுகளுக்கென்று செய்யும் பல மின்கலங்களில் அமிலத்தைச் சற்று நீர்த்தே நிரப்புகிறார்கள். நிறைவு நிலை 1.240 அளவில்தான் இருக்கும். வெயிலில் அடர்ந்த அமிலம் தகட்டை விரைவாக அரிக்கும் என்பதே காரணம். இதை அறியாமல் நல்ல மின்கலத்தைக் குறையுடையது என்று கடையில் சண்டை போட்டவர்கள் உண்டு. நானும் முதலில் அந்தப் பிழையைச் செய்தேன். ஓர் அறையின் மின்னழுத்தம் ஏறத்தாழ ஒப்படர்த்தியோடு 0.84 கூட்டினால் வரும் அளவாகும். 1.240 என்றால் 2.08 வோல்ட். ஆறு அறைகளுக்கு 12.48 வோல்ட். முற்றிலும் இறங்கிய மின்கலத்தில் ஒப்படர்த்தி 1.100க்கு வந்துவிடும், அப்போது 11.64 வோல்ட். நிறைந்ததற்கும் வெறுமையானதற்கும் இடையே ஒரு வோல்ட்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள். "பன்னெண்டு காட்டுதே, நல்லாத்தானே இருக்கு" என்று சொல்வது எவ்வளவு பெரிய ஏமாற்றம் என்பது இதனால் விளங்கும்.

கம்பி எதையும் இணைக்காமல் மூலையில் வைத்தாலும் மின்கலம் தானே இறங்கும். இதற்குத் தன்னிறக்கம் என்று பெயர். எதிர்த்தகட்டின் காரீயம் அமிலத்தோடு நேரடியாக வினைபுரிந்து ஹைட்ரஜனை விட்டு சல்பேட்டாகிறது. நேர்த்தகட்டில் ஆக்சிஜன் வெளியேறுகிறது. தூய காரீயமாக இருந்தால் இவ்வினை மிக மெதுவாகவே நடக்கும். ஆனால் தகட்டுச் சட்டத்துக்கு உறுதி வேண்டி ஆண்டிமனி கலக்கிறார்கள். அந்த ஆண்டிமனி நாளடைவில் நேர்த்தகட்டிலிருந்து கரைந்து எதிர்த்தகட்டில் போய்ப் படிந்து, அங்கே சிறுசிறு உள்ளூர் மின்கலங்களை உண்டாக்கிவிடுகிறது. பழைய மின்கலம் புதியதைவிட வேகமாக இறங்குவது இதனால்தான். இப்போது ஆண்டிமனிக்குப் பதில் கால்சியம் கலந்து வரும் மின்கலங்களில் இந்த இழப்பு வெகுவாகக் குறைந்துள்ளது.

இவ்வினைக்கு வெப்பம் உற்ற தோழன். வெப்பநிலை 10 பாகை கூடினால் தன்னிறக்கம் ஏறத்தாழ இரு மடங்காகும். தடைக்காலத்தின் நடுவே அக்னி நட்சத்திரம் வருகிறது. காற்றுப் புகாத இயந்திர அறையில் அப்போது என்ன வெப்பம் இருக்கும் என்பதை உள்ளே இறங்கிப் பார்த்தவர்களே அறிவர். மேலைநாடுகளில் கோடையில் குடும்பத்தோடு வெளியூர் செல்லக் காரின் பின்னால் ஒரு சிறு வீட்டையே இழுத்துச் செல்கிறார்கள். குளிர்காலம் முழுவதும் அவ்வண்டி கொட்டகையில் நிற்கும். அவர்களுக்கும் நம் படகுக்காரர்களின் தொல்லையே. ஆனால் குளிரில் தன்னிறக்கம் குறைவு. அவர்கள் அஞ்சுவது உறைபனிக்கு. நிறைந்த மின்கலத்தின் அமிலம் சுழிக்குக் கீழே 50 பாகையிலும் உறையாது. இறங்கிய மின்கலத்தில் இருப்பது ஏறத்தாழ வெறும் நீர் என்பதால் சுழிக்குக் கீழே 8 பாகையிலேயே உறைந்து பெட்டியைப் பிளந்துவிடும். நமக்கு அந்தப் பயமில்லை. நம் பகை வெயிலும் உப்புக் காற்றும்.

இறங்குவது நோயன்று, இறங்கியே கிடப்பதுதான் நோய்

மின்கலம் இறங்கினால் மீண்டும் ஏற்றிக்கொள்ளலாமே என்று வினவலாம். உடனே ஏற்றினால் சரி. இறங்கிய தகட்டில் உண்டாகும் காரீய சல்பேட் முதலில் மிக நுண்ணிய துகள்களாக இருக்கும். எளிதில் திரும்ப மாறும். வாரக்கணக்கில் அப்படியே விட்டால் நுண்துகள்கள் கரைந்து, பெரிய படிகங்களின்மேல் படிந்து, அவற்றை வளர்க்கின்றன. நம் பகுதியினருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மரக்காணம் உப்பளத்தில் பாத்தியை எவ்வளவு நாள் கலைக்காமல் விடுகிறோமோ அவ்வளவுக்கு உப்பு பெரும் பரல்களாக விளைவதைப் பார்த்தவர்கள்தாமே நாம். ஆனால் அங்கே நீர் ஆவியாகி உப்பு விளைகிறது. இங்கே ஆவியாவது ஏதுமில்லை, சிறிய படிகம் கரைந்து பெரிய படிகம் வளர்கிறது. இந்தப் பெரும் படிகங்கள் மின்னோட்டத்தைக் கடத்துவதில்லை. மின்னேற்றும்போது எளிதில் கரைவதுமில்லை. தகட்டின் நுண்துளைகளை அடைத்துவிடுகின்றன. மேலும் காரீய சல்பேட் அடர்ந்த அமிலத்தைவிட நீர்த்த அமிலத்தில் கூடுதலாகக் கரையும். ஆகவே எவ்வளவு இறங்கிக் கிடக்கிறதோ அவ்வளவு விரைவாகப் படிகம் பெருக்கும்.

மாமாவின் இடப்பக்க மின்கலத்தை இரண்டு நாள் மெதுவாக ஏற்றிப் பார்த்தோம். 1.180க்கு மேல் ஏறவில்லை. பாதிக்குச் சற்று மேல், அவ்வளவுதான். ஓராண்டே உழைத்த மின்கலம் அது.

இடப்பக்கத்தின் மர்மம்

அந்த ஜூன் மாதம் நான் மாமாவுடன் துறைமுகத்துக்குப் போனேன். கையில் ஒரு ஹைட்ரோமீட்டரும் ஒரு மல்டிமீட்டரும் இருந்தன. வலப்பக்கத்து மின்கலத்தின் ஒப்படர்த்தி 1.210, மின்னழுத்தம் 12.3 வோல்ட். இடப்பக்கத்தது 1.110, 11.7 வோல்ட். இரண்டும் ஒரே அறையில், ஒரே வெயிலில் இருந்தவை. தன்னிறக்கம் மட்டுமே காரணமாயின் இரண்டும் ஒத்த அளவில் இறங்கியிருக்க வேண்டும். ஆகவே இடப்பக்கத்திலிருந்து எவரோ திருடிக்கொண்டிருந்தார்கள்.

மாமாவின் படகு இயந்திரத்தைத் தொடக்க 24 வோல்ட் வேண்டும். அதற்காக 12 வோல்ட் மின்கலங்கள் இரண்டைத் தொடராக இணைத்திருந்தார்கள். ஆனால் கம்பியில்லாப் பேச்சுக் கருவியும், ஜி.பி.எஸ். கருவியும், கைப்பேசிக்கு மின்னேற்றும் சாக்கெட்டும் 12 வோல்ட்டில் இயங்குபவை. யாரோ ஒரு மின்பணியாளர் அவற்றுக்கான கம்பியை இடப்பக்க மின்கலத்தின் இரு முனைகளிலிருந்தே நேராக இழுத்துவிட்டிருந்தார். மெயின் சுவிட்சை அணைத்தால் 24 வோல்ட் பாதைதான் துண்டிக்கப்படும். இந்தக் கம்பிக்கு அது தெரியாது. "நான்தான் சுவிட்ச ஆஃப் பண்ணிட்டுத்தானே வந்தேன்" என்று மாமா சொன்னது முழுக்க உண்மை. சாக்கெட்டின் ஓரத்தில் ஒரு சின்ன நீல விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இரண்டு மாதமாக ஆளில்லாப் படகில் இரவும் பகலும் எரிந்துகொண்டிருந்தது.

எதிர்முனைக் கம்பியைக் கழற்றி இடையில் மல்டிமீட்டரை வைத்து அளந்தேன். எல்லாக் கருவிகளும் அணைந்திருக்க, 50 மில்லிஆம்பியர் ஓடியது. மாமா சிரித்தார், அது ஒரு பொருட்டா என்றார். கணக்கைப் போட்டுக் காட்டினேன். 0.05 ஆம்பியர், நாளுக்கு 24 மணி நேரம். ஆக நாளொன்றுக்கு 1.2 ஆம்பியர்-மணி. 61 நாளுக்கு 73.2 ஆம்பியர்-மணி. தன்னிறக்கமாக நாளுக்கு 0.3 என்று வைத்துக்கொண்டால் அது 18.3. மொத்தம் 91.5. மின்கலத்தின் கொள்ளளவு 100. மிச்சம் 8.5. ஒப்படர்த்தி 1.240 முதல் 1.100 வரை உள்ள அளவுகோலில் 1.110 என்பது ஏறத்தாழ 7 விழுக்காடு. வலப்பக்கத்துக்குத் தன்னிறக்கம் மட்டுமே, 81.7 மிஞ்ச வேண்டும், 1.210 என்பது 79 விழுக்காடு. தாளில் போட்ட கணக்கும் கருவி காட்டிய அளவும் இவ்வளவு நெருங்கி வந்ததை ஆய்வுக்கூடத்தில்கூட நான் கண்டதில்லை.

"அப்ப வந்த பாட்ரி தாங்கும்" என்ற மாமாவின் சொல்லுக்கும் இக்கணக்கிலேயே விடை இருக்கிறது. தமிழ்நாட்டில் 2001இல் தடைக்காலம் தொடங்கியபோது அது 45 நாள். 2017இல்தான் 61 நாளாயிற்று. அதே கம்பி, அதே நீல விளக்கு, 45 நாள் என்று வைத்துப் பாருங்கள்; 54 ஆம்பியர்-மணியும் 13.5உம் போக 32.5 மிஞ்சும். திணறியாவது இயந்திரம் ஓடத் தொடங்கியிருக்கும். கூடிய 16 நாள்தான் வேறுபாடு. 2020இல் கொரோனா ஊரடங்கினால் படகுகள் மார்ச் இறுதியிலேயே நின்றுவிட்டன. அவ்வாண்டு தடைக்காலத்தை மே 31 வரை எனக் குறைத்தும் இரண்டு மாதத்துக்கு மேல் அவை நின்றன. அந்த ஆண்டு துறைமுகத்தில் மட்டுமா, நம் தெருக்களில் எத்தனை கார்களும் ஸ்கூட்டர்களும் உயிரற்று நின்றன!

தொடராக இணைத்த இரண்டில் ஒன்றிலிருந்து மட்டும் எடுப்பதால் வேறொரு தீமையும் உண்டு. படகு ஓடும்போது இரண்டுக்கும் ஒரே அளவு மின்னேற்றமே செல்கிறது. நிறைந்திருக்கும் வலப்பக்கம் மிகையாக ஏறி நீரை இழக்கிறது. குறைந்திருக்கும் இடப்பக்கமோ நிறையாமலே இருக்கிறது. வலப்பக்கத்தில் மாதந்தோறும் நீர் ஊற்ற வேண்டியிருந்ததன் காரணமும் அன்றுதான் எங்களுக்குப் புரிந்தது.

இன்னொரு திருடன் கண்ணுக்கே தெரியாதவன். மின்கலத்தின் மேல்மூடியில் அமில ஈரமும் கடற்காற்றின் உப்பும் தூசியும் சேர்ந்து ஒரு படலமாகப் படிகின்றன. காலை ஈரத்தில் அப்படலம் இரு முனைகளுக்கும் இடையே மெல்லிய கம்பி போலாகிவிடும். வோல்ட்மீட்டரின் ஒரு முனையை மின்முனையில் வைத்து, மற்றதை மூடியின்மேல் வெறுமனே நகர்த்திப் பாருங்கள். படலம் இருந்தால் முள் அசையும். வெறும் பிளாஸ்டிக்கின் மீது வோல்ட் காட்டுவதை மாமா நம்பவே இல்லை. மும்முறை தாமே வைத்துப் பார்த்தார். ஐப்பசி முதல் மழைக்கு உப்பளங்களில் வேலை நின்றுவிடும் காலத்தில் அங்கே கிடக்கும் டிராக்டர்களுக்கும் லாரிகளுக்கும் இதே கதிதான். அங்கே காற்றோடு தரையும் உப்பு.

சொல்லிவரும் சில வைத்தியங்கள்

சிமென்டுத் தரையில் வைத்தால் மின்கலம் இறங்கிவிடும், பலகைமேல்தான் வைக்க வேண்டும் என்பது ஊரறிந்த நம்பிக்கை. பழங்காலத்தில் மரத்தாலும் கெட்டி ரப்பராலும் செய்த பெட்டிகளில் அமிலம் கசிந்து ஈரத்தரையோடு தொடர்பு உண்டானதால் எழுந்த சொல் இது. இன்றைய பிளாஸ்டிக் பெட்டிக்கு இது பொருந்தாது. குளிர்ந்த சிமென்டுத் தரை உண்மையில் நன்மையே செய்யும். ஆயினும் பலகை வைப்பவரைத் தடுக்க வேண்டியதில்லை, கெடுதலில்லை.

வாரம் ஒருமுறை இயந்திரத்தைப் பத்து நிமிடம் ஓடவிட்டால் போதும் என்பர் சிலர். தொடக்குவதற்குச் செலவான மின்சாரத்தை அந்தப் பத்து நிமிடம் ஈடுசெய்துவிடும் என்பது மெய்யே. ஆனால் மேற்படி படகில் ஒரு வாரத்தில் போவது 10.5 ஆம்பியர்-மணி, மெதுவாக ஓடும் இயந்திரம் பத்து நிமிடத்தில் அதை எப்படித் தரும்?

ஒப்படர்த்தி குறைந்துவிட்டதென்று மேலும் அமிலம் ஊற்றுவது எல்லாவற்றிலும் கொடியது. அமிலம் எங்கும் போய்விடவில்லை. சல்பேட்டாகத் தகட்டுக்குள் இருக்கிறது. புதிதாக ஊற்றினால் கருவி பொய் சொல்லும், தகடு அரியும். ஊற்ற வேண்டியது காய்ச்சி வடித்த நீர் மட்டுமே. எங்கள் கடற்கரைக் கிணற்று நீரை ஊற்றுவது நஞ்சூட்டுவதற்கு ஒப்பாகும். அதிலுள்ள குளோரைடு நேர்த்தகட்டைத் தாக்கும். இரும்புச்சத்தின் வேலையோ வேடிக்கையானது. நேர்த்தகட்டில் ஆக்சிஜனேற்றம் அடைந்து, நீந்தி எதிர்த்தகட்டுக்குப் போய், அங்கே பழைய நிலைக்குத் திரும்பி, மீண்டும் வருகிறது. ஓடக்காரனைப் போல இரு கரைக்கும் போய்வந்து, ஒவ்வொரு நடைக்கும் கொஞ்சம் மின்னேற்றத்தைக் கூலியாகக் கொண்டுபோய்விடுகிறது. குளிர்பதனப் பெட்டி சொட்டும் நீரைப் பிடித்து ஊற்றுவோரும் உண்டு. அது குழாய்களின் செம்பையும் தூசியையும் கழுவிக்கொண்டு வருவதால் அதையும் தவிர்ப்பதே நன்று.

நாங்கள் செய்தது

சென்ற ஆண்டு ஏப்ரல் 16ஆம் தேதி காலையில் இரண்டு மின்கலங்களையும் கழற்றினோம். முதலில் எதிர்முனை, பிறகு நேர்முனை. ஏனெனில் இயந்திரத்தின் உடல் எதிர்முனையோடு சேர்ந்தது. நேர்முனையை முதலில் கழற்றும்போது ஸ்பேனர் இரும்பில் பட்டால் பொறி பறக்கும். மாட்டும்போது இதற்கு நேர்மாறு. கழற்றியதை ஊருக்குக் கொண்டுவந்து, மூடித் தக்கைகள் இறுகியிருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, சமையல் சோடா கரைத்த நீரால் மேல்மூடியைத் துடைத்தோம். நுரை பொங்கி அடங்கியதும் நல்ல நீரால் துடைத்து உலர்த்தினோம். முனைகளில் பூத்திருந்த பச்சையைத் தேய்த்தெடுத்து வாசலின் தடவினோம். தகடு மூழ்கும் அளவுக்கு மட்டும் வடிநீர் ஊற்றி, ஒவ்வொன்றையும் தனித்தனியே மின்னேற்றினோம். கொள்ளளவில் பத்தில் ஒரு பங்குக்கு மேற்படாத மின்னோட்டம் நல்லது. 100 ஆம்பியர்-மணிக்கு 10 ஆம்பியர். ஒரு மணிக்கொரு முறை பார்த்து, ஒப்படர்த்தி மூன்று தடவை மாறாமல் நின்றால் நிறைந்துவிட்டது என்று பொருள். 27 பாகைக்கு மேல் ஒவ்வொரு பாகைக்கும் 0.0007 கூட்டிக்கொள்ள வேண்டும். மே மாதப் பகலில் இது 0.007 வரை வரும்.

மின்னேற்றும்போது வெளிவரும் ஹைட்ரஜன் காற்றில் 4 விழுக்காடு சேர்ந்தாலே வெடிக்கக் கூடியது. ஆகவே திண்ணையில்தான் வைத்தோம். மாமா பழக்கத்தில் பீடியைப் பற்றவைக்கப் போக, அத்தை ஒரு சத்தம் போட்டார். அவ்வளவுதான், அன்று முழுவதும் அவர் வேலிக்கு வெளியே நின்றே புகைத்தார். அமிலம் கண்ணில் தெறித்தால் தாமதமின்றி நிறைய நீர் விட்டு நெடுநேரம் கழுவி மருத்துவரிடம் போக வேண்டும் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

பிறகு வீட்டின் வடக்கு அறையில், வெயில் படாத மூலையில் வைத்தோம். மே 16இல் பார்த்தபோது இரண்டும் 1.230 வாக்கில் இருந்தன. மறுபடி நிறைத்தோம். ஜூன் 12இல் ஒரு முறை. இவ்வளவே செய்தது. மாதம் ஒருமுறை நிறைக்க வசதியில்லாதவர்கள் ஒரு சிறு சூரிய மின்தகட்டைப் பயன்படுத்தலாம். எங்கள் ஊரை ஒட்டிய ஆரோவில்லில் இவற்றை நெடுங்காலமாகப் பயன்படுத்தி வருகிறார்கள். 5 வாட் தகடு ஒன்று நல்ல வெயிலில் நாளுக்கு ஓர் ஆம்பியர்-மணிக்கு மேல் தரும். தன்னிறக்கத்தை ஈடுசெய்ய அது தாராளம். இரவில் மின்சாரம் தகட்டின் வழியே திரும்பி ஒழுகாமலும் பகலில் மிகையாக ஏறாமலும் இருக்க இடையே ஒரு கட்டுப்படுத்தும் கருவி வேண்டும்.

நீர் ஊற்றத் தேவையற்ற மூடிய மின்கலமாயின் ஹைட்ரோமீட்டர் நுழையாது. மின்னழுத்தத்தையே நம்ப வேண்டும். ஏற்றி முடித்தவுடன் அளந்தால் 13க்கு மேல் காட்டி ஏமாற்றும்; ஓரிரவு விட்டு மறுநாள் அளப்பதே மெய். இப்போது பல மாணவர்கள் ஓட்டும் மின்ஸ்கூட்டரின் லித்தியம் மின்கலத்துக்கு இங்கே சொன்னவை பொருந்தா. அதனை நெடுநாள் நிறுத்தும்போது முழுக்க நிறைத்து வைப்பது கேடு. பாதியளவில் வைப்பதே நன்று. விடுமுறைக்கு ஊருக்குப் போகுமுன் இதை நினைவில் கொள்க.

நீல விளக்கின் கம்பியை என்ன செய்வது என்பதில் கூட்டாளிகளுக்குள் இன்னும் பேச்சு நடக்கிறது. 24 வோல்ட்டை 12 ஆக மாற்றித் தரும் கருவி ஒன்றைப் பொருத்தினால் இரண்டு மின்கலமும் ஒத்துக் குறையும். அதற்குப் பணம் ஒதுக்க வேண்டும். அதுவரை அக்கம்பியில் தனியாக ஒரு சுவிட்ச் வைத்திருக்கிறோம். கரைக்கு வந்ததும் அதை அணைக்க வேண்டும் என்று மாமா சுண்ணாம்பால் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்.

சென்ற ஜூன் 14 நள்ளிரவு நானும் துறைமுகத்தில் இருந்தேன். சாவியைத் திருகியதும் இயந்திரம் பற்றிக்கொண்டது. மாமா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, வேலை இருந்தது. முகத்துவாரத்தைக் கடக்க வரிசையில் நின்ற படகுகளில் அவர்களுடையது ஆறாவதோ ஏழாவதோ. நான் வாங்கிய ஹைட்ரோமீட்டரை இன்னும் அவர் திருப்பித் தரவில்லை. பக்கத்துப் படகுக்காரர்கள் இரவல் கேட்கிறார்களாம்.